படம் மறைத்ததை போஸ்டர் காட்டியது: 'ஜாஸ்' (1975) விளம்பர உத்திகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

1975 ஜூன் 20, வெள்ளிக்கிழமை. கடலில் மனிதரைத் தாக்கும் ஒரு சுறாவின் கதையான 'ஜாஸ்' படத்தை யுனிவர்சல் நிறுவனம் அமெரிக்காவில் 409 தியேட்டர்களில் வெளியிட்டது. கனடாவையும் சேர்த்தால் 464. தயாரிப்புச் செலவு சுமார் 90 லட்சம் டாலர். விளம்பரச் செலவு 18 லட்சம் டாலர், அதில் 7 லட்சம் தேசியத் தொலைக்காட்சிக்கு மட்டும். முதல் மூன்று நாளில் வசூல் 70 லட்சம் டாலரைத் தொட்டது. இரண்டு வாரத்தில் போட்ட பணம் திரும்பியது. 78 நாளில், வட அமெரிக்க வசூலில் 'காட்ஃபாதர்' வைத்திருந்த முதலிடம் கைமாறியது.

சினிமா வணிகம் பற்றி எழுதுகிறவர்கள் இந்த எண்களை அடுக்கி, கோடைக்கால பிளாக்பஸ்டர் இங்கேதான் பிறந்தது என்று முடித்துவிடுவார்கள். ஆனால் ஒரே நாளில் நாடு முழுக்க வெளியிடுவதும், அதற்குத் தொலைக்காட்சியில் விளம்பரத்தைக் கொட்டுவதும் 'ஜாஸ்' கண்டுபிடித்த உத்திகளே இல்லை. 1974 நவம்பரில் 'தி ட்ரையல் ஆஃப் பில்லி ஜாக்' இதைவிட அதிகத் தியேட்டர்களில், தொலைக்காட்சி விளம்பரத்தோடு இறங்கியது. 'ஜாஸ்' வருவதற்கு ஒரு மாதம் முன்பு, சார்லஸ் பிரான்சன் நடித்த 'பிரேக்கவுட்' படத்தை கொலம்பியா நிறுவனம் சுமார் 1,300 தியேட்டர்களில் வெளியிட்டது. அந்தப் படத்தின் போஸ்டரை இன்று யாராவது நினைவிலிருந்து வரையட்டும், பார்க்கலாம். வாங்கிய விளம்பர நேரத்திலும் பத்திரிகை இடத்திலும் என்ன வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். 'ஜாஸ்' குழுவிடம் ஒரு படிமம் இருந்தது: மேலே நீந்தும் பெண், அவளை நோக்கிக் கீழிருந்து எழும் சுறா. புத்தகம், போஸ்டர், செய்தித்தாள், தொலைக்காட்சி, கடையில் தொங்கிய பனியன் எல்லாவற்றிலும் அந்த ஒரே படிமம்தான். அது தியேட்டருக்குள்ளும் வேலை செய்தது. இந்த ஆய்வு முதன்மையாக அதைப் பற்றியது.

மேலட்டையிலிருந்து போஸ்டர் வரை

பீட்டர் பெஞ்ச்லியின் நாவல் 1974 தொடக்கத்தில் டபுள்டே வெளியீடாகக் கெட்டி அட்டையில் வந்தது. அதன் மேலட்டையை வடிவமைத்தவர் பால் பேக்கன். கறுப்புப் பின்னணி, கீழிருந்து எழும் வெளிறிய சுறாத் தலை, மேலே சிறியதாக ஒரு பெண். அமைப்பு அப்போதே கிடைத்துவிட்டது. ஆனால் அந்தச் சுறாவுக்குப் பல் இல்லை, வழவழப்பான ஒரு உருவம் மட்டுமே.

பேப்பர்பேக் பதிப்பை பேன்டம் நிறுவனம் கொண்டு வந்தபோது அதே அமைப்பை ரோஜர் காஸ்டல் என்ற ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் மீண்டும் வரைந்தார். சுறா பெரியதாகவும் நிஜமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்த பதப்படுத்திய சுறாக்களைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு வரைந்தார். நீந்தும் பெண்ணுக்கு ஒரு மாடலை ஸ்டுடியோவில் ஸ்டூல்மேல் குப்புறப் படுக்கவைத்து, நீந்துவதுபோல் கை வீசச் சொன்னார். அந்த மூல ஓவியம் பின்னாளில் காணாமல் போய்விட்டது.

இதற்கிடையே படத்தின் போஸ்டரை செய்னிகர் விளம்பர நிறுவனம் ஆறு மாதம் உருட்டிக்கொண்டிருந்தது. எதைச் செய்தாலும் போதிய பயம் வரவில்லை என்பதுதான் டோனி செய்னிகரின் சிக்கல். கடைசியில் அவர் வந்து சேர்ந்த முடிவு: பார்வை சுறாவுக்குக் கீழே போக வேண்டும், அப்போதுதான் பல் தெரியும். கடலின் மேற்பரப்பிலிருந்து பார்த்தால் சுறா வெறும் ஒரு முதுகுத் துடுப்பு. துடுப்பை எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் பாய்மரமாகத் தெரிகிற அபாயம் உண்டு.

தயாரிப்பாளர்கள் ரிச்சர்ட் சானக்கும் டேவிட் பிரவுனும் செய்த புத்திசாலித்தனமான காரியம், பேப்பர்பேக்கும் படமும் ஒரே தலைப்பெழுத்தையும் ஒரே ஓவியத்தையும் பகிர வைத்தது. யுனிவர்சலும் பேன்டமும் கூடிப் பேசி இதை முடிவு செய்தன. கெட்டி அட்டைப் பதிப்பு ஏற்கெனவே 44 வாரம் அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் இருந்தது. படம் வெளியாவதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே, 1974 அக்டோபர் முதல், தயாரிப்பாளர்கள் வானொலி, தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சிகளில் தோன்றத் தொடங்கினார்கள். பேப்பர்பேக் விற்ற ஒவ்வொரு விமான நிலையக் கடையும் மருந்துக்கடைப் புத்தகத் தாங்கியும், காசு கொடுக்காமல் கிடைத்த போஸ்டர் சுவராக மாறியது. ஜூன் மாதம் தியேட்டர் வாசலில் போஸ்டரைப் பார்த்தவர்களில் பலருக்கு அந்த ஓவியம் ஏற்கெனவே பழகிய முகம்.

போஸ்டரை வாசித்தல்

நீர்மட்டம் படத்தை மேலும் கீழுமாக வெட்டுகிறது. மேலே கால்வாசிக்குச் சற்றுக் கூடுதல், மீதி முழுக்க நீருக்கடியில். மேலே வெளிச்சம், கீழே போகப்போக நீலம் அடர்கிறது. நீந்தும் பெண் கிடைமட்டம், சுறா செங்குத்து. இந்த இரண்டு கோடுகளும் சந்திக்கப் போகிற இடம் எது என்பதைக் கண் தானாகக் கணக்குப் போடுகிறது. சுறாவின் மூக்கு முக்கோணம் ஓர் அம்புக்குறி. அது காட்டுவது அந்தப் பெண்ணை, அவளுக்கு மேலே சிவப்பில் தலைப்பை. சிவப்பு வேறெங்கும் பெரிதாக இல்லை. ஒரு துளி ரத்தம்கூட வரையாமல் ரத்தத்தின் நிறத்தைத் தலைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். ரத்தம் வரைந்திருந்தால் தாக்குதல் முடிந்துபோன படமாகியிருக்கும். இங்கே அது இன்னும் நடக்கவில்லை.

அளவு வேண்டுமென்றே பொய். படத்தில் வரும் சுறா 25 அடி என்று வசனமே சொல்கிறது. போஸ்டரில் அதன் தலையின் அகலமே ஏறக்குறைய நீந்துகிறவளின் நீளத்துக்கு நிற்கிறது. அப்படிப் பார்த்தால் உடல் எங்கே போய் முடியும் என்று கணக்கிட வேண்டியதில்லை. உடல் சட்டத்துக்கு வெளியே வெட்டப்பட்டிருப்பதால் பார்ப்பவர் அந்தக் கணக்கைப் போடுவதுமில்லை. விகிதத்தில் பொய் சொல்ல வேண்டுமென்றால் முழு உருவத்தைக் காட்டக் கூடாது என்பது ஓவியர்களுக்குத் தெரிந்த பழைய தந்திரம்.

நடிகர் முகம் ஒன்றுகூட இல்லை. ராய் ஷைடர், ராபர்ட் ஷா, ரிச்சர்ட் டிரைஃபஸ் ஆகிய மூவரின் பெயரும் கீழே எழுத்தாக மட்டும். இதற்கு முந்தைய ஆண்டு வந்த 'தி டவரிங் இன்ஃபெர்னோ' போஸ்டரின் அடியில் நட்சத்திரங்களின் முகங்கள் பெட்டி பெட்டியாக வரிசை கட்டி நிற்கும். பேரழிவுப் படங்களுக்கு அப்போது அதுதான் வழக்கம். முகப்பெட்டிகள் வந்தால் கண் ஒவ்வொன்றாக நின்று போகும், படிமம் சிதறும். 'ஜாஸ்' போஸ்டரில் எழுத்து வேலை மிகக் குறைவு. தலைப்பு, நடிகர் பெயர்கள், முதலிடத்தில் விற்ற திகில் நாவலின் திகில் படம் என்று சொல்லும் ஒற்றை வரி, வழக்கமான தொழில்நுட்பக் குழுப் பட்டியல். அவ்வளவுதான்.

இதை அச்சுக் கோணத்திலும் பார்க்க வேண்டும். 1975இல் சினிமா விளம்பரத்தின் அன்றாடக் களம் செய்தித்தாள். அது கறுப்பு வெள்ளை. செய்தித்தாள் அச்சில், படத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் புள்ளித்திரையை அங்குலத்துக்கு 65 முதல் 85 வரி என்ற அளவில்தான் போடுவார்கள். மெல்லிய கோடும் நுண்ணிய நிழலும் மை பரவி அழிந்துபோகும். இரண்டு பத்தி அகலத்துக்குச் சுருங்கினால் பாதிப் போஸ்டர்கள் சாம்பல் கறையாகிவிடும். காஸ்டலின் ஓவியம் தப்பித்ததற்குக் காரணம், வெளிர் தலையும் கறுத்த வாயும் வெள்ளைப் பற்களும் நிறத்தை நம்பாமல் வெளிச்ச வித்தியாசத்தை மட்டுமே நம்பி நிற்பது. இன்றைக்கும் ஒரு போஸ்டரை இதே போலச் சோதிக்கலாம்: நிறத்தை நீக்கு, தபால்தலை அளவுக்குச் சுருக்கு, தலைப்பைக் கையால் மறை. மூன்றுக்குப் பிறகும் என்ன படம் என்று புரிந்தால் கைப்பேசித் திரையிலும் அது நிற்கும். இப்போது வரும் ஃபர்ஸ்ட் லுக்குகளில் பெரும்பாலானவை இரண்டாவது சோதனையிலேயே விழுந்துவிடுகின்றன. புகை, தீப்பொறி, பறக்கும் கார், ஆறு முகம் என்று எல்லாம் ஒரே பழுப்பில் கரைந்துவிடும்.

போஸ்டர் படத்துக்குள் நுழைந்த விதம்

படத்தின் முதல் காட்சியில் ஓர் இளம்பெண் தனியாகக் கடலில் நீந்துகிறாள், இழுக்கப்படுகிறாள், மறைகிறாள். போஸ்டரில் இருப்பது கிட்டத்தட்ட அதே சூழல். ஆனால் படத்தில் அது இருட்டு வேளை; போஸ்டரில் பகல். படத்தில் தாக்குதலின்போது நாம் நீருக்கு மேலே இருந்து அவள் முகத்தை மட்டும் பார்க்கிறோம். போஸ்டரில் குறுக்கே வெட்டிய தொட்டிபோல மேலும் கீழும் ஒரே நேரத்தில் தெரிகிறது. படத்தின் அந்தக் காட்சியில் சுறா கண்ணில் படுவதே இல்லை. போஸ்டரில் அது மட்டும்தான் தெரிகிறது.

படப்பிடிப்பில் இயந்திரச் சுறாக்கள் கடல் உப்புநீரில் அடிக்கடி பழுதாகி மக்கர் செய்தன. 55 நாள் என்று போட்ட திட்டம் 159 நாளுக்கு இழுத்தது. வேறு வழியில்லாமல் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே எடுத்தார்: துடுப்பு, மிதக்கும் பீப்பாய், சுறாவின் கண்ணாகக் கீழிருந்து பார்க்கும் கேமரா. தலை தெளிவாக நீரைக் கிழித்து எழுவதற்கு சுமார் 80 நிமிடம் ஆகிறது. இந்த மறைப்பைப் புகழாத விமர்சகர் இல்லை. ஆனால் மறைப்பு வேலை செய்ய ஒரு முன்நிபந்தனை உண்டு: மறைந்திருப்பது என்ன என்று பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கீழிருந்து எடுத்த ஷாட்டில் ஒரு சிறுவனின் கால்கள் தெரியும்போது, அரங்கில் இருந்தவர்கள் மனத்தில் அந்தக் கோணத்தின் மறுமுனையில் வாயும் பல்லுமாகப் பொருத்திப் பார்த்தது போஸ்டரில் கண்ட சுறாவைத்தான். இயந்திரச் சுறா கடைசியில் வெளிப்படும்போது சற்று ரப்பராகத் தெரிந்தாலும் பெரிய சேதமில்லை; அதற்குள் காஸ்டலின் சுறா 80 நிமிடம் நடித்து முடித்திருந்தது.

போஸ்டரில் அரக்கனைக் காட்டியது கதையை உடைப்பதாகாதா என்று கேட்கலாம். போஸ்டர் ஒரு நிலைமையைத்தான் சொல்கிறது: அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். அடுத்து என்ன, யார் பிழைப்பார், எப்படி முடியும் என்ற எதையும் அது தொடவில்லை.

ஒலி, டிரெய்லர், 30 விநாடித் துண்டுகள்

தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் போஸ்டரின் இணையாக ஜான் வில்லியம்ஸின் இசை அமைந்தது. E, F என்ற அடுத்தடுத்த இரண்டே சுரம், அரை சுர இடைவெளி. முதலில் விட்டுவிட்டு, பிறகு நெருங்கி, பிறகு நிற்காமல். வேகம்தான் தூரத்தைச் சொல்கிறது: இசை விரைந்தால் சுறா அருகில். அன்றைய தொலைக்காட்சிப் பெட்டியின் சின்ன ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தராது. செல்லோ, டபுள் பாஸின் அடி ஒலி அதில் வராமலே போகும். ஆனாலும் இந்த இசை பிடிபட்டது, ஏனென்றால் அதன் அடையாளம் தாளத்தில் இருந்தது. இரண்டு விநாடியில், அடுத்த அறையில் இருப்பவருக்கும் அது என்ன விளம்பரம் என்று தெரிந்துவிடும். 30 விநாடித் துண்டில் இந்த இரண்டு விநாடி பெரிய லாபம்.

டிரெய்லரின் பின்குரல் பெர்சி ரோட்ரிகஸ் என்ற கனடிய நடிகருடையது. அவர் கத்தவில்லை, இயற்கை ஆவணப்படத்துக்குப் பேசுவதுபோல நிதானமாக ஆரம்பிக்கிறார். பல லட்சம் ஆண்டுப் பரிணாமத்தைத் தாண்டி மாறாமல் வாழும் ஓர் உயிர், அதற்கு ஆவேசமும் கிடையாது, தர்க்கமும் கிடையாது, கொல்வதற்காகவே வாழ்கிறது என்று அடுக்கிப்போய், கடவுள் பிசாசைப் படைத்து அதற்குக் கொடுத்தது என்று நிறுத்தி, கடைசிச் சொல்லாகப் படத்தின் பெயரைச் சொல்கிறார். தலைப்பு தனியாக அறிவிக்கப்படாமல், கேட்பவர் காத்திருந்த வாக்கியத்தின் முடிவாக வந்து விழுகிறது. அறிவியல் தொனி இங்கே ஒரு ஊடக உத்தி: கற்பனைக் கதைக்குச் செய்திப்படத்தின் நம்பகத்தைக் கடன் வாங்குவது.

நீந்தப் போவதற்கு முன் பார்த்துவிடுங்கள் என்று தொலைக்காட்சித் துண்டுகள் அழைத்தன. மிகச் சின்ன வரி, ஆனால் அது படத்தை நாட்காட்டியோடு முடிச்சுப் போட்டது. ஜூன் மூன்றாம் வாரம், பள்ளி விடுமுறை, கடற்கரைக்குக் கிளம்பும் காலம். அதோடு ஒரு சவாலும் இருக்கிறது: பார்த்த பிறகு இறங்குவாயா?

ஜூன் 18 புதன்கிழமை முதல் வெளியீட்டு நாள் வரை, மூன்று தேசிய அலைவரிசைகளின் முதன்மை நேரத்தில் ஒவ்வோர் இரவும் சுமார் இரண்டு டஜன் 30 விநாடி விளம்பரங்கள். இதே துண்டுகளை மூன்று வாரத்துக்குப் பரப்பியிருந்தால் ஒருவர் ஒன்றோ இரண்டோ பார்த்திருப்பார், மறந்திருப்பார். ஒரே இரவில் நாலைந்து முறை கண்ணில் பட்டால், மறுநாள் அலுவலகத்தில் அது பேச்சாகிறது. வெளியீட்டுக்கு முன்பே விளம்பரம் ஓய்ந்துவிட்டால் அந்தச் சூடு வீண். முதல் நாளுக்குப் பிறகு தொடங்கினால் முதல் வாரம் போச்சு. இதில் இன்னொரு நிபந்தனையும் ஒளிந்திருக்கிறது. தேசிய விளம்பரம் கொடுத்தால் தேசம் முழுக்கப் படம் ஓட வேண்டும். நியூயார்க்கில் ஐந்து தியேட்டரில் தொடங்கிப் பிறகு விரிந்த 'காட்ஃபாதர்' பாணியில் போயிருந்தால், கான்சஸ்காரர் ஊரில் இல்லாத படத்துக்கு விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

தியேட்டர் எண்ணிக்கையைக் குறைத்த முடிவு

அந்தக் காலத்தில் ஒரே நாளில் எல்லா ஊரிலும் வெளியிடுவது நல்ல படத்துக்கான அடையாளமாக இருக்கவில்லை. மட்டமான படத்தை, மவுத் டாக் கெடுப்பதற்குள் காசாக்கிவிடும் வழியாகத்தான் வணிகர்கள் அதைப் பார்த்தார்கள். யுனிவர்சல் முதலில் 900 தியேட்டர் வரை யோசித்தது. 1975 மார்ச்சில் டல்லஸிலும் லாங் பீச்சிலும் நடந்த முன்னோட்டக் காட்சிகளில் வந்த அலறலையும் கைதட்டலையும் பார்த்த பிறகு, நிறுவனத் தலைவர் லூ வாசர்மன் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னார். படம் கோடை முழுக்க ஓட வேண்டும், பாம் ஸ்பிரிங்ஸில் இருப்பவர் அங்கேயே பார்க்காமல் கார் எடுத்துக்கொண்டு ஹாலிவுட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

தேவையை நாடு முழுக்கக் கிளப்பிவிட்டு, இருக்கையைக் குறைத்து வைத்தால் வாசலில் வரிசை நிற்கும். வரிசை மறுநாள் செய்தித்தாளில் படமாக வரும். அதுவும் போஸ்டர்தான், கூலி கொடுக்காத போஸ்டர். ஜூலை 25இல் ஏறத்தாழ 700 தியேட்டர், ஆகஸ்ட் 15இல் 950க்கு மேல் என்று படிப்படியாக விரித்தார்கள். முதல் வெள்ளியிலேயே எல்லா ஸ்கிரீனையும் பிடித்து, திங்கட்கிழமை காலி இருக்கைகளோடு நிற்கும் இன்றைய நம்மூர் வெளியீடுகளைப் பார்க்கிறவர்களுக்கு, 'ஜாஸ்' வழி வந்ததாகச் சொல்லப்படும் இந்த முறை அதன் பாதியை மட்டும்தான் கற்றது என்று தோன்றும்.

காசு கொடுக்காமல் கிடைத்தவை

தணிக்கைச் சான்று பி.ஜி., அதாவது பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். போஸ்டரில் கூடவே ஓர் எச்சரிக்கை: சின்னக் குழந்தைகளுக்கு இது தாங்க முடியாததாக இருக்கலாம். பெற்றோர் புகாரைத் தடுக்கும் கவசம் அது. பதின்ம வயதினருக்கோ அதுவே அழைப்பிதழ். பனியன், கடற்கரைத் துண்டு, பிளாஸ்டிக் தம்ளர், சுறாப் பல் மாலை, நீர்த்துப்பாக்கி, சுறா வாயிலிருந்து பொருளைக் கொக்கியால் எடுக்கும் ஐடியல் நிறுவன விளையாட்டு என்று பொருள்கள் குவிந்தன. கடற்கரைத் துண்டுதான் இதில் கெட்டிக்காரத்தனம். விளம்பரம் எந்த இடத்தைப் பற்றிப் பயமுறுத்துகிறதோ அங்கேயே அதை விரித்துவைக்கிறது. 'டைம்' வார இதழ் ஜூன் 23 தேதியிட்ட இதழின் அட்டையில் சுறாவைப் போட்டது. கேலிச்சித்திரக்காரர்கள் போஸ்டர் அமைப்பை எடுத்துக்கொண்டு சுறாவின் இடத்தில் பணவீக்கம் முதலான அரசியல் பிரச்சினைகளைப் போட்டார்கள். இரண்டு உருவம், ஒரு கோடு என்ற எளிமை இருந்ததால்தான் அது சாத்தியம்.

எங்கே பிசகியது

பின்வந்தவர்கள் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டார்கள், படிமத்துக்கும் படத்துக்கும் இருந்த உறவை விட்டார்கள். 1976 'கிங் காங்' போஸ்டரில் குரங்கு உலக வர்த்தக மையத்தின் இரண்டு கோபுரத்திலும் கால் ஊன்றி நின்று, கையில் ஜெட் விமானத்தை நசுக்குகிறது. படத்திலோ அதைச் சுடுவது ஹெலிகாப்டர்கள், கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குத் தாவுகிறதே தவிர அப்படி நிற்பதில்லை. படம் நன்றாகவே ஓடியது. ஆனால் போஸ்டர் ஒரு சம்பவத்தை வாக்களித்துவிட்டதால், பார்வையாளர் அதற்காகக் காத்திருந்து ஏமாந்தார். 'ஜாஸ்' போஸ்டருக்கு அந்தக் கடன் இல்லை.

பெரிய சேதம் திரைக்கு வெளியே. சிந்தனையற்ற கொலை இயந்திரம் என்று விளம்பரம் சொன்ன வர்ணனை சுறா பற்றிய பொதுப் புரிதலாகவே ஒட்டிக்கொண்டது. ஆவணப்படத் தொனியில் சொன்னால் கற்பனையும் தகவலாகப் பதியும். பெருமைக்குக் காட்டிக்கொள்வதற்காகச் சுறா பிடிக்கும் மோகம் கூடியது. பெஞ்ச்லி பிற்காலத்தில் கடல் பாதுகாப்புக்காகப் பேசி எழுதினார், 2022இல் பி.பி.சி. வானொலியில் ஸ்பீல்பெர்க் சுறாக்களின் அழிவுக்காகத் தாம் உண்மையாகவே வருந்துவதாகச் சொன்னார்.

1978இல் 'ஜாஸ் 2' வந்தபோது போஸ்டரில் நீர்ச்சறுக்குப் பெண்ணுக்குப் பின்னால் வாய் பிளந்த சுறா. பார்வையாளருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்ற பழைய அமைப்பையே காப்பாற்றினார்கள். ஆனால் இம்முறை படமும் சுறாவைத் தாராளமாகக் காட்டியது. போஸ்டருக்குத் தியேட்டருக்குள் வேலையில்லாமல் போயிற்று. அந்தப் பிரச்சாரத்தில் நிலைத்தது ஆண்ட்ரூ கூன் எழுதிய டேக்லைன்தான்: இனி தண்ணீரில் இறங்கலாம் என்று நினைத்த வேளையில். சுறா என்ற பெயரே அதில் வரவில்லை. மூன்று ஆண்டுக்கு முந்தைய போஸ்டரைப் பார்த்திராத ஒருவருக்கு அந்த வரி ஒன்றுமே சொல்லாது.